கூலி வேண்டாம் என்றவர்: ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரையில் ஒரு திருநர் ஆதரவுக் குழுவுக்கு உளவியல் ஆலோசகராக நான் துணை நிற்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, செல்லூர்ப் பக்கம் ஒரு மாடி அறையில் குழு கூடும். வருகிறவர்களில் பெரும்பாலோர் திருநங்கைகள். திருநம்பிகள் சிலர் உண்டு, கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. அந்தக் குழுவில் தன்னைச் சேர்க்கவே மாட்டார்கள் என்று உறுதியாக நம்பிக்கொண்டு வந்த ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு. அவர் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். ஊர், வயது, குடும்ப விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். தொழிலை மட்டும் மாற்ற வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். "தையலை எடுத்துட்டா அதுல நான் இல்லை" என்றார். தையல் இல்லாமல் இங்கே நடந்ததை விளக்கவும் முடியாது.

பின்னணி

அவருக்கு 44 வயது. திருமங்கலம் பக்கத்துக் கிராமம். பிறந்தபோது ஆண் என்று பதிவானவர், நினைவு தெரிந்த நாளிலிருந்து தன்னைப் பெண்ணாகவே உணர்கிறவர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் புது மண்டபத்தில் தையல் பழகினார். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருந்த அந்தத் தையல் வரிசையை மதுரைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சாமிக்குச் சாத்துகிற துணி, சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் போடுகிற உடை, பள்ளி ஆண்டு விழா வேடங்கள் எல்லாம் அங்கேதான் தயாராகும். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியபோது அவரும் கூடவே மாறினார். இன்றும் பீஸ் கணக்கில் கூலிக்குத் தைக்கிறார்.

19 வயதில், அக்காவின் தாவணியைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது வீட்டில் பிடிபட்டார். அப்பா அடித்தார். கோடாங்கியிடம் கூட்டிப் போனார்கள். அதற்குப் பிறகு ஒரு மருத்துவரிடம். "கல்யாணம் பண்ணி வைங்க, தானா சரியாயிரும்" என்று அந்த மருத்துவர் சொல்லியிருக்கிறார். 25 வயதில் கல்யாணம் நடந்தது. மகன் இப்போது பிளஸ் டூ படிக்கிறான்.

அந்த அறிவுரையை இன்று ஒரு மருத்துவர் சிகிச்சை என்ற பெயரில் கொடுக்க முடியாது. 2021 ஜூனில் சுஷ்மா வழக்கில், இப்படிப்பட்ட "மாற்றும்" சிகிச்சை முயற்சிகளுக்குத் தடை வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். அந்த வழக்கைப் போட்ட இரண்டு பெண்களும் மதுரையிலிருந்து சென்னைக்குப் போனவர்கள். அடுத்த ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம், அப்படிச் சிகிச்சை கொடுப்பது தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 11-வது நோய் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பிறப்பில் குறித்த பாலினமும் உணரும் பாலினமும் பொருந்தாமல் இருப்பதை அது மனநோய்ப் பிரிவிலிருந்தே எடுத்துவிட்டது. இதெல்லாம் வருவதற்கு வெகு காலம் முன்பே இவருக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது.

அவர் எதிர்பார்த்தது

தூக்கமில்லை என்று சொல்லித்தான் அவர் என்னிடம் வந்தார். பல அமர்வுகளுக்குப் பிறகே மற்றது வெளியே வந்தது. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுமா என்று நேரடியாகக் கேட்டேன். தோன்றியதுண்டு, வழி எதுவும் யோசித்து வைத்ததில்லை என்றார். ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்தோம். இரவில் முடியாமல் போனால் கூப்பிடுவதற்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணையும் வைத்துக்கொண்டார். தூக்கம் ஓரளவு சீரான பிறகுதான் குழுவைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

உடனே மறுத்தார். மறுப்புக்கு அவர் வைத்திருந்த காரணங்கள் பல. மீசை இருக்கிறது. பொண்டாட்டி, பிள்ளை இருக்கிறார்கள். ஆபரேஷன் செய்யவில்லை. ஜமாத்தில், அதாவது திருநங்கைகள் குரு, தாய், மகள் என்று உறவு வைத்துக்கொள்ளும் கூட்டத்தில், தாய் என்று யாருமில்லை. நாற்பதைத் தாண்டிவிட்டது. வீட்டை விட்டு ஓடவில்லை, பட்டினி கிடக்கவில்லை, கடை கேட்கவில்லை, அதாவது கடை கடையாகக் காசு கேட்டுப் பிழைக்கவில்லை. "அவங்க பட்டதுல கால்வாசிகூட நான் படலை. எந்த மூஞ்சியோட அங்க போய் உக்கார?" மதுரையைச் சேர்ந்த திருநங்கை, பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜுக்கு 2019-ல் பத்மஸ்ரீ கிடைத்த செய்தியை அவர் பத்திரிகையிலிருந்து வெட்டிப் பர்ஸில் வைத்திருந்தார். விருதைவிட அவரை அதிகம் பாதித்தது நர்த்தகியின் தோழி சக்தியைப் பற்றிய செய்தி. "அவங்களுக்குச் சின்ன வயசுலேர்ந்து கூடவே சக்தி இருந்தாங்க. எனக்கு அப்படி ஒருத்தரும் வாய்க்கலை" என்றார்.

கடைசிக் காரணத்தைச் சொல்ல அவருக்கு நாளானது. 17 வயதில் பட்டறைப் பையன்களோடு பெரியார் பேருந்து நிலையத்தில் நின்றிருக்கிறார். கடைகளில் காசு கேட்டு வந்த திருநங்கைகளைப் பார்த்துப் பையன்கள் "ஒம்போது" என்று கத்தியிருக்கிறார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார். எல்லாரையும்விடச் சத்தமாக, தன்மேல் யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்று. அவர்களில் ஒருவர் திரும்பி இவரை மட்டும் பார்த்திருக்கிறார். அந்த ஆள் இன்று அந்த அறையில் இருந்தால்?

புறக்கணிப்பு வரும் என்று சதா காத்திருப்பதே தனியாக ஒரு சுமை என்று உளவியலில் ஒரு கருத்து உண்டு. 2003-ல் ஈலான் மேயர் என்ற ஆய்வாளர் அதைத் தெளிவாக வகுத்துக் காட்டினார். வெளியிலிருந்து வருகிற வசவும் அடியும் ஒருபுறம். உள்ளேயே நடப்பவை மறுபுறம்: வரப்போவதை எதிர்பார்த்துப் பதுங்குவது, தன்னை மறைப்பது, ஊர் சொல்வதைத் தானே நம்பிவிடுவது. இதில் நான் கவனமாக இருக்கிற விஷயம் ஒன்று உண்டு. அந்த எதிர்பார்ப்பு வெறும் கற்பனை கிடையாது. அடிபட்டுக் கற்றுக்கொண்டது. இவர் விஷயத்தில் அப்பாவின் கையும் மருத்துவரின் வாயும் பையன்களின் சத்தமும் சேர்ந்து கற்றுக்கொடுத்தது. அதனால் "கவலைப்படாதீங்க, எல்லாரும் உங்களை ஏத்துக்குவாங்க" என்று நான் சொல்லவில்லை. அப்படி வாக்குக் கொடுக்க எனக்கு உரிமையும் இல்லை. அங்கே என்ன நடந்தால் உங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வீர்கள் என்று மட்டும் கேட்டேன். மீசையைப் பற்றிக் கேட்பார்கள், சிரிப்பார்கள், உட்காரச் சொல்ல மாட்டார்கள் என்றார். தன் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதியும் வைத்துக்கொண்டார்.

அறைக்குள்

முதல் மாதம் யானைக்கல் வரை வந்துவிட்டு, பாலத்தைத் தாண்டாமல் அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிட்டார். அடுத்த மாதம் குழுவிலிருந்து ஒரு திருநம்பி கீழே படிக்கட்டில் காத்திருந்து கூட்டிக்கொண்டு போனார்.

ஜமாத்தில் சிறியவர்கள் பெரியவர்களைப் பார்த்ததும் "பாம்படுத்தி" என்று சொல்லி வணங்குவார்கள். யாரோ சொன்னதைக் கேட்டு அதை வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தார் நம் தையல்காரர். படியேறி உள்ளே நுழைந்ததும் கதவருகே நின்ற முதல் ஆளிடம் குனிந்து "பாம்படுத்தி" என்றார். அந்த முதல் ஆள் சட்டம் படிக்கிற 20 வயதுப் பெண். அவள் பதறிப் பின்னால் நகர, அறையே சிரித்தது.

எழுதி வைத்தபடியே சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அதற்குள் மூலையில் உட்கார்ந்திருந்த மூத்தவர், அறுபதைத் தாண்டியவர், குழுவில் எல்லாரும் அம்மா என்று கூப்பிடுகிறவர், சத்தம் போட்டார். "இந்தச் சிறுக்கி எனக்கே பாம்படுத்தி சொல்ல மாட்டேங்குறா, நீ அவளுக்குச் சொல்றியா! இங்கிட்டு வா மக. என் பக்கத்துல உக்காரு."

அன்றைக்கு மீசையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. இது தானாக நடந்ததில்லை. முதல் நாள் வருகிறவர்களிடம் உடம்பைப் பற்றியும் ஆபரேஷன் பற்றியும் கேட்கக் கூடாது என்பது அங்கே பழைய ஏற்பாடு. சும்மா பேச்சுவாக்கில் தெரிந்ததுதான்: அறையில் பாதிப் பேர் ஆபரேஷன் செய்துகொள்ளாதவர்கள். செய்யப்போவதில்லை என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. சட்டம் படிக்கிற பெண் நால்சா தீர்ப்பைச் சொன்னாள். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், ஒருவர் பாலினத்தை அறிவிக்க அறுவை சிகிச்சை வேண்டும் என்று வற்புறுத்துவது சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் திருநங்கைகள் நல வாரியம் 2008-ல் தொடங்கியதும் அதே ஏப்ரல் 15-ல்தான் என்று அம்மா சேர்த்துக்கொண்டார். அவர் வாரியத்தின் பழைய அட்டைதாரர்.

இலவசத் தையல்

இந்த ஆய்வை நான் எழுதுவதே அடுத்த கூட்டத்தில் நடந்ததற்காகத்தான்.

அன்று அவர் இஞ்சு டேப்பும் அளவு நோட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். எல்லாருக்கும் பிளவுஸ் தைத்துத் தருகிறேன், காசு வேண்டாம், துணி மட்டும் கொடுங்கள் என்றார். இது அங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வெளியே இருப்பவர்கள் உணர்வது சிரமம். ஒரு திருநங்கைக்கு அளவெடுத்து ஒழுங்காகப் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிற கடை லேசில் கிடைக்காது. சிலர் டேப்பை எட்ட நின்றே பிடிப்பார்கள். சிலர் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிப்பார்கள். தைத்து வந்தாலும் தோள் பிடிக்கும், கைக்குழி இறுக்கும், முதுகு ஏறி நிற்கும். அகலத் தோளுக்கும் ஒல்லியான மார்புக்கும் ஏற்ற வெட்டு பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள மெனக்கெடவும் மாட்டார்கள். ரெடிமேடில் பெரிய சைஸ் வாங்கிப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்வதுதான் பலருக்கும் வழக்கம். இவரோ பல வருடமாகச் சாமி வேடம், ராணி வேடம் என்று ஆண் உடம்புகளுக்குப் பெண் உடை தைத்துத் தேர்ந்தவர். அறையில் ஒரே குதூகலம். ஆளாளுக்கு எழுந்துவிட்டார்கள்.

"கூலி என்ன?" என்று கேட்டார் அம்மா.

"கூலியெல்லாம் வேணாம்மா."

"அப்ப தைக்க வேணாம்."

எல்லாரும் அப்படியே நின்றார்கள். தையல்காரர் நெளிந்தார். நம்ம ஆளுங்களுக்குத்தானேம்மா, ஆசையாகச் செய்கிறேன் என்றார். அம்மா விடவில்லை. "நீ கூலி வாங்காம தைச்சு, நாளைக்கு அளவு தப்பிப்போச்சுன்னா நான் எப்படி உன்கூடச் சண்டை போடுறது? விலையைச் சொல்லு."

லைனிங் வைத்ததற்கு 300 ரூபாய் என்றார். 250-தான் தருவேன் என்றார் அம்மா. அங்கேயே பேரம் நடந்தது. கடைசியில் 270-க்கு முடிந்தது.

அவர் வாழ்க்கை முழுவதும் செய்துவந்தது என்ன என்பது எனக்கு அன்றுதான் துலக்கமாகத் தெரிந்தது. கடையில் கூலி குறைத்துக்கொள்வார். தம்பியின் கடனை இவர் அடைப்பார். சொந்தத்தில் எந்த விசேஷமானாலும் துணி இவர் தையல், இவர் செலவு. வீட்டில் மனைவி கேட்கும் முன்பே எல்லாம் வந்து சேரும். தன்னை யாரும் சும்மா சகித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறவர், போகிற இடத்துக்கெல்லாம் வாடகை கையில் எடுத்துக்கொண்டு போகிறார். குழு அந்த இலவசத்தை வாங்கியிருந்தால் அவருக்கு ஒரு இடம் நிச்சயம் கிடைத்திருக்கும். "இவங்களுக்கு வேண்டியது என் கை, நான் இல்லை" என்ற பழைய நம்பிக்கையும் கூடவே உறுதிப்பட்டிருக்கும். ஆதரவுக் குழுக்கள் நல்ல மனதோடு செய்கிற தவறு இது என்று நினைக்கிறேன். புதிதாக வருகிறவரின் உற்சாகத்தைப் பார்த்து மகிழ்ந்து, அவர் தலையில் வேலையைக் கட்டிவிடுகிறோம். அவர் உழைத்து உழைத்துத் தன் இருப்புக்குக் காசு கட்டுகிறார் என்பது நம் கண்ணில் படுவதில்லை.

அம்மா இதை எந்த உளவியல் பாடத்திலும் படித்தவரல்ல. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று பின்னால் கேட்டேன். இளவயதில் மும்பையில் ஜமாத்தில் சேர்ந்தபோது தன் இடத்தைத் துணி துவைத்தும் சம்பாத்தியத்தைக் குருவிடம் கொடுத்தும் பிடித்ததாகச் சொன்னார். அந்த ஜமாத் தன்னைக் காப்பாற்றியது என்பதையும் நன்றியோடு சொன்னார். "அன்னைக்கு எனக்கு வேற போக்கிடம் இல்லை, கொடுத்தேன். இவளுக்கு எதுக்கு அது?" என்றார்.

சிரித்த கதை, மாத்திரை, மனைவி

சில மாதம் கழித்து அவர் பேருந்து நிலையத்துக் கதையைக் குழுவில் சொன்னார். சொல்ல வேண்டும் என்று நான் தூண்டவில்லை. ஐம்பதைத் தாண்டிய ஒரு திருநங்கை, தான் அந்த வருடங்களில் பெரியாரில்தான் கடை கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். "தினம் எத்தனையோ பேரு சிரிச்சாங்க. உன் மூஞ்சி எனக்கு ஞாபகம் இல்லை. இருந்திருந்தா ரெண்டு அடி போட்டுட்டு உக்காருன்னு சொல்லியிருப்பேன்." பள்ளிக்கூடத்தில் தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளையைப் பார்த்துத் தானும் சிரித்திருக்கிறேன் என்று சட்டக் கல்லூரிப் பெண் சொன்னாள். வேறு இருவரும் அதையே சொன்னார்கள். பிடிபடாமல் இருக்கச் சிரிப்பது அந்த அறையில் பலருக்கும் பழகிய வேலை.

எல்லாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார். இன்றும் தையல்காரரோடு அளவாகத்தான் பேசுகிறார். அவரைச் சமாதானப்படுத்தக் குழு முயலவில்லை. அது சரியென்றே எனக்குப் படுகிறது. சிரிக்கப்பட்டவருக்கு மன்னிக்காமல் இருக்கிற உரிமையும் உண்டு.

இன்னொரு விஷயம் மருத்துவம் சார்ந்தது. மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா என்று நான் முன்பு கேட்டபோது இல்லை என்றிருந்தார். அளவெடுக்கும்போது குழுவில் ஒரு அக்கா சாதாரணமாக, "என்ன மாத்திரை போடுற, உண்மையைச் சொல்லு" என்று கேட்க, சொல்லிவிட்டார். உடம்பில் மாற்றம் வரும் என்று மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரை வாங்கி, யாருக்கும் தெரியாமல் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். திருநங்கைகள் பலர் கடந்து வந்த பாதைதான் இது. அந்த மாத்திரைகளில் உள்ள எத்தினைல் எஸ்ட்ராடியால் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டுகிறது. வயது கூடக் கூட ஆபத்தும் கூடும், புகைப்பிடித்தால் இன்னும் மோசம். அதனால்தான் திருநங்கைகளுக்கு ஹார்மோன் சிகிச்சை தரும் மருத்துவர்கள் அதைத் தவிர்த்துவிட்டு எஸ்ட்ராடியாலை, அதுவும் ரத்தப் பரிசோதனைகளோடு, கொடுக்கிறார்கள். இவர் நாளுக்குப் பத்து பீடி பிடிப்பவர். அந்த அக்கா தன் தோழி ஒருத்திக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொல்லி, மறுநாளே கையோடு மருத்துவரிடம் கூட்டிப் போனார். மாத்திரை நின்றது. பீடியும் குறைந்திருக்கிறது.

மனைவி விஷயத்தில்தான் குழு அவரைக் கடிந்தது. அதுவரை மெத்தென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். உனக்கு நடந்தது அநியாயம், சரி. அந்தப் பொண்ணுக்கு நடந்தது? கல்யாணம் செய்து வைத்தது உன் வீடு, ஆனால் இத்தனை வருஷம் மறைத்தது நீ. நீ இங்கே வந்து மூச்சு விடுகிறாய், அவள் எங்கே போய் விடுவாள்? அந்தக் கூட்டம் முடிந்ததும் அவர் இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார். "எங்க அக்கா இருந்திருந்தா இப்படித்தான் திட்டியிருக்கும்" என்றார். கூலி பேசிய நாளையும் திட்டு வாங்கிய நாளையும் நான் சேர்த்தே பார்க்கிறேன். விருந்தாளியிடம் யாரும் பேரம் பேசுவதில்லை, விருந்தாளியைத் திட்டுவதும் இல்லை.

இப்போது

சித்திரை முழுநிலவுக்கு, திருநங்கைகள் திரளும் கூவாகம் திருவிழாவுக்குப் போகக் குழு வேன் பேசியபோது பழைய பயம் ஒருமுறை தலைகாட்டியது. அதே முழுநிலவில்தான் அழகர் வைகையில் இறங்குகிறார். அதற்கு முந்தைய வாரங்கள் அவருக்கு ராத்திரி பகலாகத் தையல் வேலை. கூவாகத்துக்கு வராதவள் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று என்னிடம் வந்து கேட்டார். என்னிடம் கேட்காமல் அவர்களிடம் கேளுங்கள் என்றேன். கேட்டார். அழகரை விட்டுவிட்டு எங்கும் வரமாட்டேன் என்கிறவர்கள் குழுவில் ஏற்கெனவே நான்கு பேர் இருந்தார்கள்.

குழுவும் ஒன்றை மாற்றிக்கொண்டது. புதிதாக வருகிறவர் முதல் ஆறு மாதத்துக்குக் குழுவுக்காக எந்த வேலையும் செய்யக் கூடாது. டீ கிளாஸ் கழுவுவதும் அதில் சேர்த்தி.

மனைவியிடம் அவர் பேசிவிட்டார். மனைவி அன்று அழவில்லையாம். "தெரியும்னும் சொல்ல முடியாது, தெரியாதுன்னும் சொல்ல முடியாது" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். மகனின் பொதுத் தேர்வு முடியும் வரை அவனிடம் சொல்வதில்லை, மீசையும் அதுவரை இருக்கட்டும் என்று இருவருமாகப் பேசி வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் எதுவும் முடிவாகவில்லை.

அந்த மனைவிக்குத் தனியாக ஒரு துணை வேண்டும். நான் அவர் கணவர் பக்கத்து ஆலோசகர். அந்த இடத்தில் நான் உட்காரக் கூடாது. அதனால் வேறொரு பெண் ஆலோசகரிடம் ஏற்பாடு செய்தோம். முதல் அமர்வுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். அங்கே பேசியதைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு ஒப்புதல் இல்லை.